பல திகதி நிரல்களை ஒரே படியில் மாற்றுவது எப்படி? (பவர் குவெரி)

கணக்குப்புத்தகம்

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு லீசிங் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கிளைகளிலிருந்து வரும் கடன் பதிவேடுகளை எக்செலின் பவர் குவெரியில் ஒன்றுசேர்த்து, மாத அறிக்கைக்கு ஆயத்தப்படுத்துவது என் பொறுப்பு. அந்த அட்டவணையில் 14 திகதி நிரல்கள் உள்ளன: பிறந்த திகதி, விண்ணப்பத் திகதி, அங்கீகாரத் திகதி, பணம் வழங்கிய திகதி, முதல் தவணைத் திகதி, வாகனப் பதிவுத் திகதி என்று நீள்கிறது. இப்போது ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே தெரிவுசெய்து, வகையை மாற்றி, பிழைகளைப் பார்த்து, அடுத்த நிரலுக்குப் போகிறேன். ஒரு கிளை புதிதாக ஒரு நிரலைச் சேர்த்தால் படிகளை மீண்டும் திருத்த வேண்டியுள்ளது.

எழுதியிருக்கும் விதமும் ஒன்றாக இல்லை. ஓரிடத்தில் 05/02/2021 என்றும், இன்னோரிடத்தில் 2021.02.05 என்றும், சிலவற்றில் 44232 என்று வெறும் எண்ணாகவும் வருகிறது. இவை அனைத்தையும் ஒரே படியில் மாற்ற வழி உண்டா?

நிரைநிரல்

உண்டு, அதுவும் எளிதானதே. முதலில், கோப்பைத் திறந்தவுடன் பவர் குவெரி தானாகச் சேர்த்துக்கொள்ளும் "வகை மாற்றப்பட்டது" என்ற படியை நீக்கிவிடுங்கள். அந்தப் படி அந்தக் கோப்பின் வட்டார அமைப்பை, அதாவது எந்த நாட்டு வழக்கப்படி திகதியை வாசிப்பது என்ற அமைப்பை, பார்த்தே திகதிகளை ஊகிக்கிறது. நம்மூரில் பல கணினிகள் வாங்கிய நாளிலிருந்தே அமெரிக்க அமைப்பில் இருப்பதால், நீங்கள் ஒன்றும் செய்வதற்கு முன்னரே 05/02/2021 என்பது மே 2 ஆகிவிடும். விருப்பத்தெரிவுகளில் வகைகளைத் தானாகக் கண்டறிவதையும் நிறுத்திவிடலாம். எல்லா நிரல்களும் உரையாகவே உள்ளே வரட்டும்.

அதன் பின்னர் இரண்டு வழிகள் உள்ளன. நிரல்கள் மாறாதவை என்றால், கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி 14 தலைப்புகளையும் தெரிவுசெய்து, வலது சொடுக்கில் வகை மாற்றத்துக்குச் சென்று, "வட்டார அமைப்பின்படி" என்பதைத் தேர்ந்து, திகதி என்றும் ஆங்கிலம், ஐக்கிய இராச்சியம் என்றும் கொடுங்கள். அது ஒரே படியாகவே பதிவாகும்.

நிரல்கள் மாறக்கூடியவை என்றால் பெயர்ப்பட்டியலைக் கணினியே ஆக்கட்டும். டேபிள்.காலம்நேம்ஸ் எல்லாத் தலைப்புகளையும் ஒரு பட்டியலாகத் தரும். லிஸ்ட்.செலெக்ட் மூலம் "திகதி" என்று முடியும் தலைப்புகளை மட்டும் வடிகட்டுங்கள். லிஸ்ட்.டிரான்ஸ்ஃபார்ம் மூலம் ஒவ்வொரு பெயரையும் பெயர், திகதி வகை என்ற இணையாக்குங்கள். அந்த இணைகளின் பட்டியலை டேபிள்.டிரான்ஸ்ஃபார்ம்காலம்டைப்ஸ் சார்புக்குக் கொடுத்து, மூன்றாவது மதிப்பாக வட்டாரக் குறியீட்டையும் கொடுத்துவிட்டால் முடிந்தது. நாளை 15ஆவது திகதி நிரல் வந்தாலும் அதுவும் தானாகவே சேர்ந்துகொள்ளும். தலைப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களை மட்டும் முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நிரல் சத்தமின்றி விடுபட்டுப் போகும்.

தெஹிவளை_வாசி

நிரைநிரல் சொன்ன வழி சரியானது. ஆனால் கேள்வி கேட்டவருடைய தரவுக்கு அதை அப்படியே பயன்படுத்துவது ஆபத்தானது என்பது என் கருத்து. 14 நிரல்களும் திகதிகளே என்றாலும், அவற்றை எழுதியவர்கள் ஒருவரல்லர். எல்லாவற்றுக்கும் ஒரே வட்டார அமைப்பைக் கொடுத்தால், மாறாதவை பிழையாகக் கண்ணுக்குத் தெரியும். தவறாக மாறியவை தெரியாது.

அது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு திகதியில் நாள் 12 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நாளும் மாதமும் இடம்மாறினாலும் அது செல்லுபடியான திகதியாகவே இருக்கும். ஆண்டின் 365 நாட்களில் அத்தகையவை 144. அவற்றுள் 3/3, 7/7 போன்ற 12 நாட்கள் இடம்மாறினாலும் ஒன்றே. மீதி 132. அதாவது, தவறான அமைப்பில் ஒரு நிரலை மாற்றினால் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலான திகதிகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வேறு நாளாகிவிடும்.

ஆகவே மாற்றுவதற்கு முன்னர் உருவத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கலத்திலும் எல்லா இலக்கங்களையும் 9 என்று மாற்றி எழுதினால் 99/99/9999, 9999.99.99, 99999 என்று வெறும் அச்சுகள் மட்டும் மிஞ்சும். நிரலின் பெயர், கிளை, அச்சு என்ற மூன்றையும் வைத்துத் தொகுத்து எண்ணிப் பாருங்கள். தரவைச் சுத்தம் செய்யும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளில் இதை ஒரு வரியில், ஒரே மாதிரியானவற்றைத் தொகுத்து எண்ணும் வடிகட்டியாகச் செய்யலாம். பவர் குவெரியில், எழுத்துகளைப் பட்டியலாக்கி, இலக்கமானவற்றை மாற்றி, மீண்டும் ஒட்டும் சிறு சார்பு ஒன்று போதும்.

நிரைநிரல்

ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு ஒரு வசதியான ஏற்பாடும் உண்டு. 14 நிரல்களிலும் தனித்தனியே அச்சுப் பார்ப்பதை விட, அந்த 14 நிரல்களையும் அன்பிவட் செய்து, "நிரலின் பெயர்", "மதிப்பு" என்ற இரண்டு நிரல்களாக இறக்கிவிடுங்கள். அப்போது சோதனையும் மாற்றமும் ஒரே நிரலில்தான் நடக்கும். முடிந்ததும் மீண்டும் பிவட் செய்து அகலமாக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: அன்பிவட் வெற்றுக் கலங்களை விட்டுவிடும். ஒரு வாடிக்கையாளருக்குத் திகதியே இல்லை என்றால் அந்த நிரை முழுவதும் காணாமற் போகும். எனவே முதலிலேயே நிரைகளுக்கு வரிசை எண் இட்டு, கடைசியில் மூல அட்டவணையுடன் அந்த எண்ணை வைத்தே இணையுங்கள்.

கணக்குப்புத்தகம்

இருவருக்கும் நன்றி. அன்பிவட் செய்து அச்சுகளைத் தொகுத்தேன். நான் நினைத்ததற்கு மாறாக, ஒழுங்கீனம் நிரலுக்கு நிரல் பரவியிருக்கவில்லை. கிளைக்குக் கிளைதான் வேறுபடுகிறது. வாகனப் பதிவு தொடர்பான நிரல்களில் பெரும்பாலும் அரச ஆவணங்களில் உள்ளபடி ஆண்டு முன்னே வரும் புள்ளி வடிவம் இருக்கிறது. மற்றவை சாய்கோட்டு வடிவம். ஐந்திலக்க எண்கள் இரண்டே கிளைகளிலிருந்து வருகின்றன.

ஆனால் ஒரு கிளையின் கோப்பு விளங்கவில்லை. ஒரே நிரலில் பாதிக் கலங்கள் இடப்பக்கம் ஒட்டியும் மீதி வலப்பக்கம் ஒட்டியும் உள்ளன. இடப்பக்கம் இருப்பவற்றில் நாள் எப்போதும் 12க்கு மேல்.

தெஹிவளை_வாசி

அது நன்கு தெரிந்த காயம். நாள் முன்னே எழுதப்பட்ட சிஎஸ்வி கோப்பை, அமெரிக்க அமைப்பிலுள்ள கணினியில் யாரோ எக்செலில் நேரடியாகத் திறந்து சேமித்திருக்கிறார்கள். 25/02/2021 என்பதை எக்செலால் மாதம் முன்னாக வாசிக்க முடியவில்லை. அது உரையாகவே இடப்பக்கத்தில் நின்றுவிட்டது. 05/02/2021 என்பதை வாசிக்க முடிந்தது. ஆகவே மே 2 என்ற உண்மையான திகதியாக மாறி வலப்பக்கம் போய்விட்டது. நல்லவை போல் தோன்றும் கலங்களே இங்கு பழுதானவை.

கிளையிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே முறை. அது கிடைக்காவிட்டால் திருத்தலாம்: உரையாக உள்ளவற்றை நாள், மாதம், ஆண்டு என்று வாசியுங்கள், திகதியாக உள்ளவற்றில் நாளையும் மாதத்தையும் இடம்மாற்றுங்கள். ஆனால் இந்தத் திருத்தம் அந்த ஒரு கிளையின் கோப்புக்கு மட்டுமே. இதை எல்லா நிரல்களுக்கும், எல்லாக் கிளைகளுக்கும் ஒன்றாக ஓடவிட்டால் நல்ல திகதிகளும் கெட்டுவிடும்.

ஐந்திலக்க எண்களை உரையிலிருந்து நேரே திகதியாக மாற்ற முயன்றால் பிழை வரும்; முதலில் எண்ணாக்கி, பின்னர் திகதியாக்குங்கள். எக்செல் திகதிகளை நாட்களின் எண்ணிக்கையாக வைக்கும் முறையில் 44232 என்பது 2021 பெப்ரவரி 5. பழைய மெக்கின்டொஷ் கணினியில் ஆக்கப்பட்ட கோப்புகளில் மட்டும் 1904ஆம் ஆண்டிலிருந்து எண்ணும் முறை இருக்கக்கூடும். அப்படியானால் எல்லாத் திகதிகளும் சரியாக 1462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும், முந்தியிருக்கும்.

ஏழாம்மாடி

இந்த விவாதத்தை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். சாய்கோட்டு வடிவத்தில் ஒரு கிளை நாளை முன்னே எழுதுகிறதா, மாதத்தை முன்னே எழுதுகிறதா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கடன் பதிவேட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தைத்தான் சொல்கிறேன்.

பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016இலிருந்து வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கங்களாக வருகிறது. இங்கே பலர் தடுக்கி விழும் ஒரு படிக்கட்டு உள்ளது: நாள் எண்ணிக்கையில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்களே கணக்கு. லீப் ஆண்டு அல்லாவிட்டாலும் மார்ச் 1 என்பது 61தான். எனவே பிறந்த ஆண்டின் சனவரி 1உடன் நாட்களைக் கூட்டாதீர்கள். 2000 போன்ற ஒரு லீப் ஆண்டில் அத்தனையாவது நாளைக் கண்டு, மாதத்தையும் நாளையும் மட்டும் எடுத்து, உண்மையான ஆண்டுடன் சேருங்கள்.

இதைப் பிறந்த திகதி நிரலுடன் கிளைவாரியாக ஒப்பிட்டால், எந்த வாசிப்பு பொருந்துகிறது என்பது உடனே தெரிந்துவிடும். சிலருடைய அட்டையிலேயே பிறந்த திகதி தவறாக இருக்கலாம் என்பதால், தனித்தனி நபர்களின் திகதியைத் திருத்த இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு கிளையின் எழுதும் பழக்கத்தை அறிய மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே எழுதுநர் ஒரே படிவத்தில் நிரப்பிய விண்ணப்பத் திகதிக்கும் அங்கீகாரத் திகதிக்கும் அதே பழக்கம் பொருந்துவதற்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சொல். அடையாள அட்டை இலக்கங்கள் உள்ள கோப்பை இணையத்தில் கிடைக்கும் இலவச மாற்றுக் கருவிகளில் ஏற்றாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத்தகாத காரியம்.

நிரைநிரல்

அக்கா சொன்ன அடையாள அட்டைச் சோதனையை நான் எண்ணிப் பார்த்ததில்லை, மிகவும் பயனுள்ளது. பிறந்த திகதி இல்லாத கோப்புகளுக்கு வேறு இரண்டு சோதனைகள் உதவும். விண்ணப்பம், அங்கீகாரம், பணம் வழங்கல், முதல் தவணை என்ற நான்கும் இந்த வரிசையிலேயே நடக்க வேண்டும். தவறான வாசிப்பில் அங்கீகாரத்துக்கு முன்னரே பணம் வழங்கிய நிரைகள் குவியும். அடுத்தது கிழமைச் சோதனை. பணம் வழங்கல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் அநேகமாக நடப்பதில்லை. சரியான வாசிப்பில் ஞாயிறுகள் ஏறக்குறைய இல்லாமலிருக்கும். தவறான வாசிப்பில், இடம்மாறிய திகதிகளில் ஏழில் ஒரு பங்கு ஞாயிறுகளாக வந்து நிற்கும்.

பைத்தன்_பக்தர்

இத்தனை சுற்று எதற்கு என்று விளங்கவில்லை. பைத்தனின் பாண்டாஸ் நூலகத்தில் நிரல்களின் பட்டியலைக் கொடுத்து, அப்ளை மூலம் ஒவ்வொரு நிரலிலும் திகதியாக்கும் டு_டேட்டைம் சார்பை ஓடவிட்டு, நாள் முன்னே என்ற தெரிவை இட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும். டேட்டாஐக்கு என்ற தரவு மென்பொருளிலும் திகதி வாசிக்கும் படியை ஒரு நிரலுக்கோ, பல நிரல்களுக்கோ, ஒரு பெயர் அமைப்புக்குப் பொருந்தும் நிரல்கள் அனைத்துக்குமோ ஓடவிடலாம். பல வடிவங்களை வரிசையாகக் கொடுத்தால் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும்.

தெஹிவளை_வாசி

கருவி எதுவானாலும் கேள்வி மாறுவதில்லை. பாண்டாஸின் நாள் முன்னே என்ற தெரிவு கண்டிப்பானதல்ல என்று அதன் ஆவணமே கூறுகிறது. அது ஒரு விருப்பத்தைத் தெரிவிக்கிறதே தவிர, கட்டளையிடவில்லை. வடிவத்தை வெளிப்படையாக எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு. அத்துடன் அப்ளை இல்லாமல் பல நிரல்களை அப்படியே டு_டேட்டைம் சார்புக்குக் கொடுத்தால், அவற்றை ஆண்டு, மாதம், நாள் என்ற பகுதிகளாக எண்ணி ஒட்ட முயலும். மாறாதவற்றை வெறுமையாக்கும் தெரிவை இட்டால் பிழைகளும் மறைந்துவிடும். பிறகு எத்தனை திகதிகள் தொலைந்தன என்பதை யாரும் அறியமாட்டார்கள்.

டேட்டாஐக்குவில் பல வடிவங்களை வரிசையாகக் கொடுப்பதும் அத்தகையதே. நாள் முன்னான வடிவம், மாதம் முன்னான வடிவம் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால், முதலாவதில் பொருந்தாதது மட்டுமே இரண்டாவதுக்குப் போகும். அது மேலே நாம் பார்த்த எக்செல் காயத்தை நாமே திட்டமிட்டு உண்டாக்குவதாகும். ஆண்டு முன்னான புள்ளி வடிவத்தையும் நாள் முன்னான சாய்கோட்டு வடிவத்தையும் ஒன்றாக வைக்கலாம். அவை ஒன்றையொன்று குழப்பாதவை.

பைத்தன்_பக்தர்

வடிவங்களின் வரிசை பற்றிச் சொன்னது நியாயம். இருந்தாலும் பைத்தனில் கிளை, வடிவம் என்ற சிறு அட்டவணை ஒன்றை வைத்து, கிளைவாரியாகச் சுற்றி வருவது பவர் குவெரியை விட எளிது என்பதில் எனக்கு மாற்றமில்லை.

கணக்குப்புத்தகம்

பைத்தன் எங்கள் அலுவலகக் கணினிகளில் நிறுவ அனுமதி இல்லை. ஆனால் கிளை, வடிவம் என்ற அட்டவணை நல்ல யோசனை. அதை எக்செலிலேயே ஒரு தாளாக வைத்து, அன்பிவட் செய்த அட்டவணையுடன் இணைத்து, உரையைத் திகதியாக்கும் டேட்.ஃப்ரம்டெக்ஸ்ட் சார்புக்கு ஒவ்வொரு நிரையின் வடிவத்தையும் கொடுத்தேன். அடையாள அட்டைச் சோதனையில் ஒரு கிளையைத் தவிர மற்ற அனைத்தும் நாள் முன்னே எழுதுவது உறுதியாயிற்று.

புதிய சிக்கல் ஒன்று. பழைய கடன்கள் ஒரு முந்தைய மென்பொருளிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் திகதியுடன் நேரமும் உலகப் பொது நேரத்தில் உள்ளது; 18:30 என்று முடிகிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினேன். பெரும்பாலானவை சரியாக வந்தன. ஆனால் 2000ஆம் ஆண்டை ஒட்டிய கடன்கள் எல்லாம் காகிதக் கோப்பில் உள்ளதை விட ஒரு நாள் முந்தியிருக்கின்றன.

ஏழாம்மாடி

அந்தக் கடன்களில் நேரம் 18:30 அல்ல, 18:00 என்று இருக்கும், பாருங்கள்.

இலங்கையின் நேரம் எப்போதும் ஐந்தரையாக இருந்ததில்லை. மின்சார நெருக்கடியின் போது 1996 மே 25இல் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு ஆறரை ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் ஆறு ஆனது. 2006 ஏப்ரல் 15இல்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. பழைய மென்பொருள் நள்ளிரவை அந்தந்தக் காலத்து நேரத்தின்படி சரியாகவே மாற்றி வைத்திருக்கிறது. நீங்கள் 18:00உடன் ஐந்தரையைக் கூட்டும்போது முந்தைய நாள் 23:30 வருகிறது. நேரத்தை வெட்டியதும் ஒரு நாள் குறைந்துவிடுகிறது.

பவர் குவெரியில் நேர வலயத்தை மாற்றும் ஸ்விட்ச்ஸோன் சார்பு மணியையும் நிமிடத்தையும் எண்ணாகவே கேட்கிறது. கொழும்பு என்ற பெயரைக் கொடுத்து வரலாற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது. மூன்று காலப்பகுதிகளுக்கும் நிபந்தனை எழுதலாம். ஆனால் இவை வெறும் திகதிகள், எல்லாம் நள்ளிரவிலேயே பதியப்பட்டவை என்றால், அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு: எல்லாவற்றுக்கும் ஆறரை மணி நேரத்தைக் கூட்டி, நேரத்தை வெட்டிவிடுங்கள். 18:30 என்பது அடுத்த நாள் 1:00 ஆகும். 18:00 என்பது 0:30. 17:30 என்பது 0:00. மூன்றிலும் திகதி சரி. இதைச் செய்வதற்கு முன்னர், அந்த நிரல்களில் இந்த மூன்று நேரங்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை எண்ணி உறுதிசெய்யுங்கள். மாலையில் பதியப்பட்ட உண்மையான நேரங்கள் கலந்திருந்தால் அவை அடுத்த நாளுக்குத் தாவிவிடும்.

கணக்குப்புத்தகம்

சொன்னபடியே 18:00தான். மூன்று நேரங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆறரையைக் கூட்டியதும் காகிதக் கோப்புடன் பொருந்திவிட்டது. மிக்க நன்றி, அக்கா.

மாறாத நிரைகளைத் தனிக் குவெரியாக எடுத்துக் கிளைகளுக்கு அனுப்புகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியுள்ளது: சில கடன்களின் முடிவுத் திகதி 31/12/9999 என்று உள்ளது. இது பிழையாக வரவில்லை, விட்டுவிடலாமா?

தெஹிவளை_வாசி

பவர் குவெரிக்கு அது செல்லுபடியான கடைசித் திகதி என்பதால் பிழை வராது. முடிவு தீர்மானிக்கப்படவில்லை என்பதைக் குறிக்க யாரோ இட்ட அடையாளம் அது. அறிக்கையில் சராசரிக் கடன் காலத்தைக் கணக்கிட்டால், ஒரே ஒரு 9999 முழுச் சராசரியையும் விழுங்கிவிடும். அதை வெறுமையாக்கி, அருகில் "முடிவு திறந்தது" என்ற ஆம், இல்லை நிரலை வையுங்கள். அந்த நிரலை மாற்றத்துக்கு முன்னர், உரையாக உள்ள நிலையிலேயே உருவாக்குங்கள்.

பைத்தன்_பக்தர்

பாண்டாஸின் 3.0க்கு முந்தைய பதிப்புகளில் வழக்கமான நேரவகை 2262 ஏப்ரல் 11க்கு அப்பால் போகாது. அங்கு இந்த 9999 உடனேயே பிழையாக வெளிப்பட்டிருக்கும். ஆனால் மாறாதவற்றை வெறுமையாக்கும் தெரிவை இட்டிருந்தால், திறந்த கடன்களும் உண்மையில் பழுதான திகதிகளும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஆகவே அந்த அடையாள நிரல் எந்தக் கருவியிலும் தேவைதான்.